பேண்ட் கலைந்துவிட்டது, பாட்டு யாருக்குச் சொந்தம்?

வாசகர் எழுதியதன் சுருக்கம்: 2010-ல் பொறியியல் கல்லூரி ஹாஸ்டலில் ஐந்து நண்பர்கள் சேர்ந்து ஒரு ராக் பேண்ட் ஆரம்பித்தோம். நான் ரிதம் கிட்டார், பாடல் வரிகளும் என்னுடையவை. கல்சுரல்ஸ்களில் பரிசு வாங்கினோம், சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் வரை போனோம். எந்த லேபிளும் எங்களை எடுத்துக்கொள்ளவில்லை. 2013-ல் ஆளுக்கு 15,000 ரூபாய் போட்டு ஆறு பாடல்களைப் பதிவுசெய்து, 300 சிடி போட்டுக் கையால் விற்றோம். கேம்பஸ் வேலை கிடைத்து ஆளுக்கொரு ஊருக்குப் போனதும் 2014-ல் எல்லாம் நின்றுவிட்டது. பேஸ் கிட்டார் வாசித்த நண்பன் 2019-ல் இறந்துவிட்டான். இரண்டு வருடத்துக்கு முன் பாடகர் எங்கள் ஆறு பாடல்களையும் தன் பெயரில் மட்டும் ஸ்பாட்டிஃபையில் ஏற்றியிருக்கிறார். ஒரு பாடல் வெப் சீரிஸ் ஒன்றில் வந்திருக்கிறது. அதே பேண்ட் பெயரில் புது ஆட்களுடன் கச்சேரி செய்கிறார், பெயரை டிரேட்மார்க் செய்யவும் மனு போட்டிருக்கிறாராம். எங்களுக்குள் எந்த ஒப்பந்தமும் கிடையாது. கையில் இருப்பது பழைய சிடி அட்டை ஒன்றுதான். அதில் 'வரிகள்' என்று என் பெயரும், 'இசை, தயாரிப்பு: ஐவரும்' என்று எல்லோர் பெயரும் இருக்கின்றன. எனக்கு ஏதாவது உரிமை உண்டா?

பதில்:

போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன அந்த சிடி அட்டைதான் உங்கள் வழக்கின் முதுகெலும்பு. வெளியான பிரதியில் ஆசிரியர் என்று யார் பெயர் அச்சாகியிருக்கிறதோ அவரே ஆசிரியர் என்று நீதிமன்றம் முதலில் ஊகித்துக்கொள்ளும். பதிப்புரிமைச் சட்டம், 1957-ன் 55-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பாரம் இனி பாடகர் தலையில். அந்த அட்டையை இன்றே ஸ்கேன் செய்து, மூலத்தைப் பத்திரமாக வையுங்கள்.

எந்த நிறுவனத்திடமும் கையெழுத்துப் போடாத பேண்ட் என்பதை நீங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள். இந்த விஷயத்தில் அது உங்களுக்கு நல்லதாகவே முடிந்திருக்கிறது. பதிப்புரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு கொடுக்க வேண்டும். நீங்கள் யாருக்கும் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆகவே 2013-ல் யாருக்கு எது சொந்தமாக இருந்ததோ அது இன்றும் அவருக்கே சொந்தம்.

எது யாருக்கு? நம் சட்டத்தில் ஒரு பாட்டு என்பது ஒரே பொருள் இல்லை. வரிகள் தனி, மெட்டும் இசையும் தனி, ஸ்டூடியோவில் பதிவான ஒலி தனி. வரிகள் இலக்கியப் படைப்பு என்ற கணக்கில் வரும். ஆறு பாடல்களின் வரிகளும் முழுக்க உங்களுடையவை, உங்கள் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகளுக்கு.

இசைதான் சிக்கலான இடம். மெட்டைப் பாடகர் முணுமுணுத்திருப்பார், ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) இன்னொருவர் கையில் பிறந்திருக்கும், டிரம்மர் தாளத்தை மாற்றியதில் பாட்டே மாறியிருக்கும். ஹாஸ்டல் அறையில் ஜாம் செய்து, அதாவது கூடி வாசித்துப் பார்த்து, உருவான பாட்டில் யார் பங்கு எங்கே முடிகிறது என்று கோடு கிழிக்க முடியாது. அப்படிப் பிரிக்க முடியாத படைப்பைத்தான் சட்டம் கூட்டுப் படைப்பு என்கிறது. நோட்டேஷன் எழுதத் தெரியாதே என்று கவலைப்பட வேண்டாம். இசையை எழுதி வைக்காவிட்டாலும் உருவாக்கியவரே இசையமைப்பாளர் என்று 1994 திருத்தம் தெளிவாக்கிவிட்டது. ஆனால் ஒரு எச்சரிக்கை: மற்றவர் சொன்னதை அப்படியே வாசித்துக் கொடுத்தவர் இசையமைப்பாளர் ஆகமாட்டார். ஐவரில் யாராவது அப்படி என்று பாடகர் வாதிடலாம். அப்போது பழைய மெயில்கள், செல்போனில் பிடித்த ஒத்திகைகள், தேதி போட்ட நோட்டுப் புத்தகம் எல்லாம் பேசும். ஒரு துண்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

ஒலிப்பதிவின் உரிமை அதைச் செய்ய முன்கை எடுத்து, பொறுப்பேற்றவருக்கு. ஸ்டூடியோ கூலி வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். பணம் போட்டவர்கள் நீங்கள் ஐவரும், அட்டையில் தயாரிப்பாளர்களாக இருப்பதும் நீங்கள் ஐவரும். அந்த ஒலிப்பதிவு உரிமை 2073 முடியும்வரை செல்லும். வாசித்தவர் என்ற முறையில் உங்களுக்குத் தனியாக 50 ஆண்டு உரிமையும் உண்டு. நான்கு வருடம் வாழ்ந்த பேண்ட் விட்டுப்போனது இவ்வளவு நீண்ட சொத்து!

கூட்டு உரிமையாளரில் ஒருவர் மற்றவர் சம்மதமில்லாமல் உரிமம் கொடுக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆக, வெப் சீரிஸுக்குப் பாடகர் தனியாகக் கொடுத்த அனுமதி ஓட்டையானது. உங்கள் வரிகளைப் பொறுத்தவரை அவர் கூட்டு உரிமையாளர்கூட இல்லை. உங்கள் பேரம் பேசும் பலம் இங்கேதான் இருக்கிறது. அந்தத் தயாரிப்பு நிறுவனத்துக்குப் பணிவாக ஒரு கடிதம் போகட்டும். உரிமையில் சந்தேகம் என்றாலே அவர்களின் வழக்கறிஞர்கள் பாடகரைக் கூப்பிட்டுப் பேசிவிடுவார்கள்.

இவ்வளவு நாள் சும்மா இருந்துவிட்டோமே என்று தயங்காதீர்கள். இங்கிலாந்தின் புரோக்கல் ஹேரம் குழு 1967-ல் வெளியிட்ட புகழ்பெற்ற பாட்டில் ஆர்கன் வாசித்த மேத்யூ ஃபிஷர், 38 ஆண்டு கழித்து வழக்குப் போட்டார். 2009-ல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அவருக்கு இசையில் 40 சதவீதப் பங்கை உறுதிசெய்தது. ஆனால் போன பணம் போனதுதான், பழைய வருமானத்தில் அவருக்குப் பங்கு இல்லை. அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, வழிகாட்டும். இங்கே நஷ்டஈடு கேட்க ஒவ்வொரு மீறலிலிருந்தும் 3 ஆண்டு கெடு. பாட்டு ஏறி இரண்டு வருடம் ஆகிவிட்டது, நாளைக் கடத்த வேண்டாம்.

பேண்ட் பெயர் விஷயத்தில் நான் அவ்வளவு நம்பிக்கையாகப் பேச மாட்டேன். கச்சேரிப் பணத்தைப் பங்கிட்டிருந்தால் அது எழுதாத கூட்டாண்மை என்றும், பெயர் அந்தக் கூட்டாண்மையின் சொத்து என்றும் வாதிடலாம். சாக்சன் என்ற மெட்டல் குழுவின் பெயரை விலகிப்போன இருவர் பதிவு செய்துகொண்டபோது, 2003-ல் லண்டன் நீதிமன்றம் இதே அடிப்படையில்தான் அவர்களைத் தடுத்தது. ஆனால் சாக்சன் உலகம் சுற்றிய குழு. உங்கள் பெயர் பத்து வருடமாக யார் காதிலும் விழவில்லை, இப்போது விழுகிறதென்றால் அது பாடகரின் உழைப்பால். இந்த உண்மை உங்களுக்கு வலிக்கும் என்று தெரிந்தே சொல்கிறேன். ஆனாலும் கதவைத் திறந்து வையுங்கள். டிரேட்மார்க் இணையதளத்தில் மனுவின் நிலையைப் பாருங்கள். டிரேட்மார்க் இதழில் விளம்பரமாகியிருந்தால் அந்தத் தேதியிலிருந்து 4 மாதத்துக்குள் ஆட்சேபம் போட வேண்டும், ஆன்லைன் கட்டணம் ஒரு வகுப்புக்கு (பொருள் அல்லது சேவை வகைக்கு) 2,700 ரூபாய். ஒரு நாள் தப்பினாலும் நீட்டிப்பு கிடையாது.

போலீசில் புகார் கொடுக்கலாமா என்று பலர் கேட்பார்கள். கொடுக்கலாம்தான். பதிப்புரிமை மீறல் பிணையில் விட முடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்திருக்கிறது. அதாவது உங்களோடு ஒரே தட்டில் சாப்பிட்ட மனிதரைக் கைது செய்யலாம். அந்த வழியில் போகாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பாட்டுகளை உடனே எடுக்கச் சொல்லி ஸ்பாட்டிஃபைக்கு எழுதுவதும் இப்போதைக்கு வேண்டாம். அப்படி எடுத்தாலும் 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு கொண்டுபோகாவிட்டால் அவர்கள் மறுபடி ஏற்றிவிடலாம்.

முதலில் பாடகருக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ். அதற்கு முன்னால், முடிந்தால், ஒரு போன். கேட்க வேண்டியவை: வருமானக் கணக்கு, எல்லாத் தளங்களிலும் ஐவர் பெயர், இனி வரும் பணத்தில் பங்கு. பதிலுக்குப் பேண்ட் பெயரை அவருக்கு விட்டுக்கொடுக்கலாம். அவருக்கு வேண்டியது அது, உங்களுக்கு வேண்டியது பாட்டு. ஒத்துவந்தால் யாருக்கு எத்தனை சதவீதம் என்று பாட்டு வாரியாக எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். ஒத்துவராவிட்டால், வழக்கு மதிப்பு 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாதபோது வணிக நீதிமன்றம். அவசரத் தடை கேட்காதவரை, வழக்குக்கு முன் சமரசத்துக்குப் போவது கட்டாயம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இதற்கிடையில் வரிகளை உங்கள் பெயரில் பதிவு செய்யுங்கள், படைப்புக்கு 500 ரூபாய். உரிமை பதிவால் வருவதில்லை, ஆனால் நல்ல சாட்சி.

ஒன்று விட்டுப்போனது. உங்கள் நண்பரின் பங்கு அவரோடு போய்விடவில்லை. அவர் இந்து, திருமணமாகாதவர், உயில் எழுதவில்லை என்றால் அது அவர் அம்மாவுக்குப் போகும். வேறு மதம் என்றால் கணக்கு மாறும். எந்த ஒப்பந்தத்திலும் அந்த வாரிசின் கையெழுத்து வேண்டும். நீங்களே நேரில் போங்கள், நோட்டீஸ் மூலம் அவருக்கு இது தெரியவேண்டாம். போகும்போது, எங்காவது கிடைத்தால், அந்த சிடியில் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்.