நெஞ்சு அறுவை சிகிச்சையில் நரம்பை உறையவைக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. அவனுடைய நெஞ்சின் நடுப்பகுதி சிறு வயதிலிருந்தே உள்வாங்கியிருந்தது. வளர வளரப் பள்ளம் ஆழமாகிவிட்டது, ஓடினால் மூச்சு வாங்குகிறது. நாங்கள் வசிக்கும் அமெரிக்காவில், மார்புக்குள் உலோகப் பட்டை வைக்கும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். வலி தெரியாமலிருக்க விலா நரம்புகளை உறையவைப்பார்களாம். அப்படிச் செய்தால் நரம்பு செத்துவிடாதா? மார்பு வாழ்நாள் முழுவதும் மரத்துப்போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: நரம்பை உறையவைப்பதாகச் சொன்னால் எந்தத் தாய்க்கும் மனம் பதறத்தான் செய்யும். இருந்தாலும், உங்கள் மகனின் வயதில் இந்த அறுவை சிகிச்சைக்கு இம்முறை பொருத்தமானது என்பதே என் கருத்து. இதில் கவனம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. ஆனால் அது நீங்கள் அஞ்சும் இடமல்ல.

உங்கள் மகனுக்குச் செய்யவிருப்பது 'நஸ்' அறுவை சிகிச்சை. வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக் நகரில் டொனால்டு நஸ் என்ற குழந்தைகள் அறுவை மருத்துவர் 1987இல் தொடங்கி, தம் பத்தாண்டு அனுபவத்தை 1998இல் வெளியிட்ட முறை அது. பக்கவாட்டில் சிறு துளைகளிட்டு, வளைந்த பட்டையொன்றை நெஞ்செலும்புக்கு அடியில் செலுத்தி, பின்பு அதைத் திருப்பி எலும்பை முன்னே தள்ளி நிறுத்துகிறார்கள். தழும்பு சிறியதுதான், ஆனால் ஆண்டுக்கணக்கில் உள்நோக்கி வளைந்திருந்த விலாக்களும் குருத்தெலும்புகளும் ஒரே நாளில் எதிர்ப்பக்கம் வளைக்கப்படுவதால் வலி மிகக் கடுமையாக இருக்கும். முன்பெல்லாம் முதுகுத்தண்டை ஒட்டி மரப்பு மருந்து செலுத்தும் எபிடூரல் குழாய் வைத்தும், மார்ஃபின் வகை மருந்துகளைக் கொடுத்தும் அதைச் சமாளித்தார்கள். குழாயை எடுத்ததும் வலி திரும்பிவிடும். மருந்தோ குமட்டலையும் மலச்சிக்கலையும் தரும். அவ்வகை மாத்திரைகளுக்கு அடிமையாவது அமெரிக்காவில் எத்தனையோ குடும்பங்களைச் சிதைத்திருக்கிறது. ஆகவே, வளரும் பிள்ளைகளுக்கு அவற்றை இயன்றவரை குறைத்துக்கொடுக்க வேண்டும் என்று அங்குள்ள மருத்துவர்கள் விரும்புவதில் வியப்பில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மார்புக்குள் கேமராவால் பார்த்தபடி, மூன்றாவது அல்லது நான்காவது விலாவிலிருந்து ஏழாவது விலா வரை, ஒவ்வொரு விலாவின் கீழ் விளிம்பையும் ஒட்டி ஓடும் நரம்பின்மீது ஒரு கருவியின் முனையை ஏறத்தாழ இரண்டு நிமிடம் வைத்திருப்பார்கள். இரு பக்கமும் இப்படியே செய்வார்கள். கருவிக்குள் நைட்ரஸ் ஆக்சைடு வாயு விரிவடையும்போது முனையின் வெப்பநிலை மைனஸ் 60, 70 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்குகிறது. அந்தக் குளிரில் நரம்பின் உள்ளிழைகள் சிதைந்துபோகின்றன என்பது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இழைகளைச் சுற்றியுள்ள உறைகள் குலையாமல் நிற்கின்றன. சுவருக்குள் பதித்த குழாய் அப்படியே இருக்க, உள்ளே ஓடும் மின்கம்பி மட்டும் அறுந்துபோன நிலை அது. புதிய இழை அதே குழாயின் வழியே நாளொன்றுக்கு 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை வளர்ந்து, தான் சேரவேண்டிய தோலைத் தானே சென்று சேர்கிறது. கத்தியால் வெட்டுண்ட நரம்புக்கு இந்த வழித்தடம் கிடைப்பதில்லை. வெப்பநிலை இதைவிட மிகவும் தாழ்ந்தால் உறைகளும் கெடக்கூடும் என்பதால்தான் இந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

எனவே மார்பின் முன்பகுதி, மார்புக்காம்பு உட்பட, சில மாதங்கள் மரத்திருக்கும். பெரும்பாலோருக்கு மூன்று முதல் ஆறு மாதங்களில் உணர்வு திரும்பிவிடும். சிலருக்கு ஓரிடத்தில் மட்டும் மரப்பு அதைவிட நீடிப்பதுண்டு. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துப் பட்டையை எடுக்கும் நேரத்துக்குள் இதெல்லாம் பழைய கதையாகியிருக்கும்.

இதனால் கிடைக்கும் பலனையும் சொல்ல வேண்டும். சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், எபிடூரல் பெற்றவர்கள் சுமார் ஐந்து நாள் மருத்துவமனையில் இருக்க, நரம்பு உறையவைக்கப்பட்டவர்கள் மூன்று நாளில் வீடு திரும்பினார்கள். மார்ஃபின் வகை மருந்துகளின் தேவையும் குறைந்தது. 20 பேரை மட்டுமே கொண்ட சிறிய ஆய்வுதான். ஆனால் அதன்பின் பல மருத்துவமனைகளின் அனுபவமும் அதே திசையில்தான் இருக்கிறது.

அதற்காக அறுவை முடிந்த அன்றிரவே வலி முற்றிலும் இருக்காது என்று எதிர்பார்க்காதீர்கள். உறையவைத்ததன் முழுப் பயன் தெரிய ஒரு நாள் போலப் பிடிக்கும். அந்த இடைவெளியை நிரப்ப மரப்பு ஊசியும் போடுவார்களா என்று மயக்கவியல் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முதுகில் இறுக்கமும் நெஞ்செலும்பின் ஆழத்தில் ஓர் அழுத்தமும் இருக்கும். பாராசிட்டமால், இபுபுரோஃபென் போன்றவை தொடர்ந்து தேவைப்படும். நரம்பு மீண்டும் வளரும் காலத்தில் எரிச்சலோ, ஊசி குத்துவது போன்ற உணர்வோ வரலாம். 21 வயதைக் கடந்தவர்களிடம் இத்தொல்லை கூடுதலாகக் காணப்படுகிறது. உங்கள் மகனின் வயதில் குறைவு. வந்தாலும் காபாபென்டின் போன்ற மருந்துகள் இருக்கின்றன.

நான் கவனம் தேவை என்று சொன்னது வீடு திரும்பிய பின் வரும் வாரங்களைப் பற்றித்தான். வலி உள்ள பிள்ளை தானாகவே அடங்கியிருப்பான். வலி தெரியாத பிள்ளையோ புத்தகப் பையைத் தூக்குவான், கூடைப்பந்து விளையாடக் கிளம்புவான், பட்டை இடம்பெயர்ந்துவிடக்கூடும். பட்டையைச் சுற்றித் திசு பிடித்து அது நிலைபெறச் சில வாரங்களாவது ஆகும்; அந்தக் காலத்தை வலி குறைந்திருப்பது சுருக்கிவிடுவதில்லை. எடை தூக்குவது, இடுப்பை முறுக்கித் திரும்புவது, மோதி விளையாடும் விளையாட்டுகள் ஆகியவற்றுக்கு உங்கள் மருத்துவர் எத்தனை வாரத் தடை சொல்கிறாரோ, அதை நாள்காட்டியில் குறித்து அப்படியே கடைப்பிடிக்கச் செய்யுங்கள். நலமாகிவிட்டேன் என்று அவன் சொல்வதை மட்டும் நம்பி ஒரு நாளைக்கூடக் குறைக்காதீர்கள். மரத்த தோலில் சூடு தெரியாது என்பதால் வெந்நீர்ப் பையும் சூட்டு ஒத்தடமும் வேண்டாம்.

திடீரென மூச்சுத் திணறினாலோ, ஒரு பக்கம் மட்டும் புதிதாக வலித்தாலோ, நெஞ்சின் வடிவம் மாறியதாகத் தோன்றினாலோ, காய்ச்சல் வந்தாலோ, காயத்தில் நீர் கசிந்தாலோ, மறுநாள் பார்க்கலாம் என்று காத்திராமல் உடனே அறுவை மருத்துவரை அழையுங்கள். மூச்சுத் திணறல் கடுமையாக இருந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.