மறுமொழி: ஒன்பது முக்குளிப்பில் கிடைத்த அட்டை

வணக்கம் அண்ணாச்சி. அந்தமானில் இரண்டு ஸ்கூபா முக்குளிப்புப் பயிற்சிகளை அடுத்தடுத்து முடித்து, இரண்டாம் நிலைச் சான்றான 'அட்வான்ஸ்டு' அட்டையோடு பாளையங்கோட்டைக்குத் திரும்பியுள்ள தங்கள் மகனை, உவரி நண்பர்களின் ஃபைபர் படகில் 30 மீட்டர் ஆழத்திற்கு முக்குளிக்க அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

பாடி (PADI) என்ற முக்குளிப்புப் பயிற்சி அமைப்பின் முதல் பயிற்சியில் நான்கு, அட்வான்ஸ்டில் ஐந்து என ஒன்பதே முக்குளிப்பில் அந்த அட்டை கைக்கு வந்துவிடும், அந்த ஐந்திலும் ஆழமும் திசையறிதலும் மட்டுமே கட்டாயம், மற்றவை அவரவர் விருப்பம் (நீருக்கடியில் படம் எடுப்பதும் அதில் சேர்த்தி!). அனுமதிக்கும் ஆழம் 18 மீட்டரிலிருந்து 30 ஆவது உண்மைதான். ஆனால் 30 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல் நான்கு மடங்காகி, ஒவ்வொரு மூச்சுக்கும் நான்கு மடங்கு காற்று செலவாவதால், மேற்பரப்பில் ஒரு மணி நேரத்திற்கு வரும் காற்று அங்கே கால் மணி நேரத்தில் தீரும், பதறி மூச்சு வாங்கினால் அதற்கும் முன்பே தீரும். பயிற்றுநர் அருகிலிருக்கச் செய்து காட்டியதற்குத்தான் அட்டை சான்று. கலங்கிய நீரில், உருளையில் மீதமுள்ள காற்றைக் காட்டும் அழுத்தமானியைத் தானே கவனித்து, தக்க நேரத்தில் மேலேறும் பழக்கத்திற்கு அன்று.

ஐந்து மீட்டரில் கயிற்றைப் பிடிக்காமல் மூன்று நிமிடம் ஏறாமல் இறங்காமல் நிற்க முடிகிறதா என்று தம்பியிடம் கேளுங்கள். தயங்கினால், ஆடிக் காற்று அடங்கியபின் பயிற்றுநர் துணையோடு 12 மீட்டருக்குள் பழகட்டும். ஆபத்தில் சிக்கியவரை மீட்கக் கற்றுத்தரும் ரெஸ்க்யூ பயிற்சியை அதன்பின் யோசிக்கலாம்.