யாருடைய பலி?

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில், திங்கள்சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவன். தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருக்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம்.

ஒவ்வோர் ஆண்டும் ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலமான லெந்து நாட்களில் மீன், இறைச்சி, தேநீர் மூன்றையும் விட்டுவிடுகிறேன். பெரிய வெள்ளி ஆராதனையில் உட்கார்ந்திருக்கும்போது, இதற்குப் பெயர் பலியா என்று மனம் கேட்கிறது. ஈஸ்டர் மதியம் கோழிக்கறி சாப்பிட்டு எழுந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது.

சென்ற ஆண்டு கன்வென்ஷன் ஜெபக்கூட்டத்தில் கடைசி நாள் இரவு, வட இந்திய ஊழியத்துக்கு ஒப்புக்கொடுப்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்று பிரசங்கியார் அழைத்தார். உயர்த்தினேன். அழுதேன். வீட்டில் வந்து சொன்னபோது மனைவியும் அழுதாள், வேறு காரணத்துக்காக. பள்ளியில் படிக்கிற இரண்டு பிள்ளைகள். வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது. அண்ணனோடு பாகவழக்கு நடப்பதால் அம்மா என்னுடன்தான் இருக்கிறார்கள். அவர்களும் அன்றிலிருந்து என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

போதகரிடம் கேட்டால் ஜெபியுங்கள் என்கிறார். ஜெபிக்கிறேன். விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த தேவசகாயம் பிள்ளைக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? அர்த்தமுள்ள ஒரு பலியைச் செலுத்த ஒருவன் தன் ஆவியை எப்படி ஆயத்தப்படுத்துவது?

இப்படிக்கு,
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பிக்கு,

நான் போதகர் அல்ல. வேதத்தை வாசிக்கிறவன், நம் மாவட்டத்துச் சபைகளைப் பக்கத்திலிருந்து பார்க்கிறவன், அவ்வளவுதான். அந்த உரிமையில் ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் மீனுக்கும் தேநீருக்கும் ஒரு பத்தி இருக்கிறது. கன்வென்ஷனுக்கு ஒரு பத்தி. சொந்த அண்ணன்மேல் நடக்கும் வழக்குக்கு அரை வாக்கியம், அதுவும் அம்மா ஏன் உங்கள் வீட்டில் இருக்கிறார்கள் என்பதற்கு விளக்கமாக. எனக்கு அந்த அரை வாக்கியத்தைத் தாண்டிப் போக முடியவில்லை.

பலிக்கு ஆயத்தப்படுவது எப்படி என்ற கேள்விக்கு இயேசுவே நேரடியாகப் பதில் சொன்ன இடம் மலைப்பிரசங்கத்தில் இருக்கிறது. காணிக்கையோடு பலிபீடத்தின் முன்னால் நிற்கிறாய். உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவு வருகிறது. காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, முதலில் அவனோடு ஒப்புரவாகு, பிறகு வந்து செலுத்து என்கிறார். இதை ஆயிரம் முறை கேட்டிருப்பீர்கள். ஆனால் யாரிடம் சொன்னார் என்று பாருங்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் கலிலேயாக்காரர்கள். பலிபீடம் இருந்தது எருசலேமில். இடையில் நூறு கிலோமீட்டருக்கு மேல், கால்நடையாகப் பல நாள். அத்தனை தூரம் ஆட்டையோ புறாவையோ சுமந்து வந்தவனைத் திரும்பி ஊருக்குப் போகச் சொல்கிறார். உங்கள் அண்ணன் வீடு அவ்வளவு தொலைவில் இருக்காது என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று அவர் சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல் குறை இருந்தால் என்கிறார். வழக்கில் நியாயம் உங்கள் பக்கமே இருக்கலாம். வக்கீலும் அப்படித்தான் சொல்லியிருப்பார், எல்லா வக்கீல்களும் அப்படித்தான் சொல்வார்கள். அந்த வசனம் நியாயம் யார் பக்கம் என்ற பேச்சுக்கே வரவில்லை. நம் ஊரில் மூன்று சென்ட் நிலத்துக்காக, ஒரு நடைபாதைக்காகப் பத்து ஆண்டு பேசாமலிருக்கும் அண்ணன் தம்பிகள் ஒரே திருவிருந்துப் பந்தியில், ஆளுக்கொரு ஓரமாக முழந்தாளிடுகிறார்கள். அவர்களில் ஒருவர் சபை மதில் கட்ட லட்ச ரூபாய் கொடுத்தால் கல்வெட்டில் பெயர் வருகிறது. அந்த மதிலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது, மறைப்பானேன்.

வழக்கை விட்டுக்கொடுத்துவிட்டு வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் பிள்ளைகளின் பங்கும் அதில் இருக்கிறது. அதைத் தூக்கிக்கொடுத்துப் புண்ணியம் தேட உங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் போய் அண்ணன் முன்னால் உட்காரலாம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாம். பாகவழக்குகளை மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிக்க வழி இருக்கிறது. அப்படி முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணத்தைத் திரும்பப் பெறவும் சட்டத்தில் இடமுண்டு. வட இந்தியாவுக்கு ரயில் ஏறுவதைவிட இது கடினம் என்று உங்களுக்குத் தோன்றினால், உங்கள் பலி எது என்பது உங்களுக்கே தெரிந்துவிட்டது.

இனி அடுத்த விஷயம். நீங்கள் கன்வென்ஷன் பந்தலில் எதைக் கொடுத்தீர்கள்? உங்கள் சம்பளத்தை, அதாவது மனைவி குடும்பம் நடத்தும் பணத்தை. பிள்ளைகளின் பள்ளியை. அம்மாவின் கடைசிக் காலத்தை. வீட்டுக் கடன் கொடுத்தவனுக்கு நீங்கள் சொல்லியிருந்த வாக்கை. கை உங்களுடையதுதான், அதில் சந்தேகமில்லை. அந்தக் கையில் இருந்ததில் உங்களுடையது எவ்வளவு?

தாவீது ராஜா அர்வனாவின் களத்தில் பலிபீடம் கட்டப் போன கதையை நினைத்துப் பாருங்கள். தாவீது செய்த தப்பால் நாட்டில் கொள்ளைநோய். அர்வனா களத்தையும் மாடுகளையும் விறகையும் சும்மாவே கொடுக்க முன்வருகிறான். ராஜா கேட்டால் யார்தான் மறுப்பார்கள்? தாவீது மறுக்கிறார். இலவசமாக வாங்கியதைக் கர்த்தருக்குப் பலியிட மாட்டேன் என்று 50 வெள்ளிச் சேக்கல் எண்ணிக் கொடுத்து வாங்குகிறார். அதன் பிறகுதான் பலிபீடம் எழும்புகிறது. விலை அவருடைய கையிலிருந்து போக வேண்டும். அர்வனாவின் மாடு தாவீதின் பலியாக முடியாது. மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இயேசு கொர்பானைப் பற்றிக் கோபப்படுவதும் இதனால்தான். பெற்றோருக்குச் சேர வேண்டியதைத் தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லி ஒதுக்கிவிட்டால் அது பக்தியாகிவிடுமா என்று கேட்கிறார்.

கன்வென்ஷன் மேடைகளில் சாட்சி சொல்கிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிட்டுப் போனவர்கள். விடப்பட்டவர்களின் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

தேவசகாயம் பிள்ளையைக் கேட்டிருக்கிறீர்கள். அவரை, கொல்லப்பட்ட காற்றாடிமலையில் மட்டும் பார்ப்பதால் வரும் மயக்கம் இது. 1752 ஜனவரி 14, ஆரல்வாய்மொழி, துப்பாக்கிச் சூடு. 2022-இல் ரோமாபுரியில் புனிதர் பட்டம். நடுவில் இருப்பதையெல்லாம் விட்டுவிட்டு இந்த இரண்டையும் பார்த்தால் தைரியம் வானத்திலிருந்து விழுந்தது போலத்தான் இருக்கும்.

நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மாவின் அரசில் அலுவலர். 1741 குளச்சல் போரில் பிடிபட்டுத் திருவிதாங்கூர் படைக்கே தளபதியான டச்சுப் படை அதிகாரி டி லனாய் அவருக்கு நண்பராகிறார். வீட்டில் தொடர்ந்து இழப்புகள் வந்து மனம் சோர்ந்திருந்த காலத்தில் டி லனாய் அவருக்கு, எல்லாவற்றையும் இழந்தும் தேவனை விடாத யோபுவின் கதையைச் சொல்கிறார். அங்கேதான் தொடக்கம். 1745 மே 14-இல் வடக்கன்குளத்தில் புத்தாரி அடிகளிடம் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆகிறார். கைதானது 1749-இல். இடைப்பட்ட ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் அவர் என்ன செய்தார்? அதே உத்தியோகத்தில் இருந்துகொண்டு, தாழ்த்தப்பட்ட சாதியாரோடு பேதம் பாராமல் பழகினார், உட்கார்ந்து உண்டார். அன்றைய திருவிதாங்கூரில் ஒரு நாயர் அதிகாரி அப்படி உட்காருவது என்றால் என்னவென்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம் பாட்டிமார் மார்பை மறைக்கும் தோள்சீலை உரிமைக்காகப் பட்ட அடி அதற்கும் பிந்தியது. உயிரைக் கேட்பதற்கு வெகு முன்பே அவர் சாதி மதிப்பை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்றுதான் நான் வாசிக்கிறேன். அதைக் கொடுத்துப் பழகியவரிடம் மிச்சத்தைப் பறிப்பதற்கு, சிறையும் எருமைமேல் ஊர்வலமும் அடியுமாக மூன்று ஆண்டுகள் முயன்றும் அரசால் முடியவில்லை.

அவருடைய மனைவியை நாம் மறந்துவிடுகிறோம். பார்கவி அம்மாளும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார். கணவர் தன்னோடு அவரையும் அந்த நம்பிக்கைக்குள் கூட்டிக்கொண்டு போன பிறகுதான் சிறை வந்தது.

பேதுருவுக்கு இந்த நான்கு ஆண்டு கிடைக்கவில்லை, அல்லது கிடைத்தும் அவர் பயன்படுத்தவில்லை. உம்மோடே மரிக்க வேண்டியதாயிருந்தாலும் மறுதலிக்க மாட்டேன் என்று இரவு உணவுக்குப் பின் சொன்னார். உண்மையாகத்தான் சொன்னார், உங்களைப் போல. கெத்செமனேயில் இயேசு அவரிடம் உயிரைக் கேட்கவில்லை, ஒரு மணி நேரம் விழித்திருக்கச் சொன்னார். தூங்கிவிட்டார். சேவல் கூவும் முன் மற்றது நடந்தது. ரப்பர் தோட்டம் இருக்கும் ஊர்க்காரர் நீங்கள், பால்வெட்டுக்கு மரம் ஆயத்தமா என்று எப்படிப் பார்க்கிறார்கள் என்பது தெரியும். நட்டு ஏழு ஆண்டு ஆயிற்றா என்பது மட்டும் போதாது, தடியின் சுற்றளவு 50 சென்டிமீட்டரை எட்டியிருக்கிறதா என்று நாடா வைத்து அளப்பார்கள். அவசரப்பட்டு இளம் மரத்தில் கத்தி வைத்தால் அது பெருக்காமல் நின்றுவிடும்.

லெந்து நாட்களை நான் குறைத்துப் பேசவில்லை. மீனை விடுவது நல்ல பயிற்சி, நம் மாவட்டத்தில் அது சின்ன விஷயமும் இல்லை. ஈஸ்டருக்குக் கோழிக்கறி சாப்பிட்டதற்காக வெட்கப்படவும் வேண்டாம், அது பண்டிகை. ஆனால் மிச்சமான மீன் காசு எங்கே போயிற்று? அது வீட்டுச் செலவிலேயே கரைந்துபோனால் நாவு மட்டும்தான் நோன்பிருந்தது. நம் சபைப் பெண்களின் பிடியரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு பிடியை வேறு பாத்திரத்தில் எடுத்து வைப்பார்கள். சேர்ந்ததும் கோயிலுக்குப் போகும். இப்போது பல சபைகளில் அதற்குப் பதிலாகக் கவரில் பணம் வைக்கிறார்கள். பசி வருவதற்கு முன்பே எடுத்து வைத்துவிடுவதால் அன்றன்று மனதோடு சண்டை போட வேண்டியதில்லை. யாரும் அதற்காக அழுததில்லை, மேடையேறிச் சாட்சி சொன்னதுமில்லை. வாரத்தின் முதல் நாள்தோறும் அவனவன் வரவுக்குத் தக்கதாகத் தன்னிடத்தில் சேர்த்துவைக்கட்டும், நான் வந்த பிறகு தண்டல் நடக்க வேண்டாம் என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதியதும் இதேதான். தான் வந்து பேசி உணர்ச்சி பொங்கி அவர்கள் கொடுப்பதை அவர் விரும்பவில்லை.

நீங்கள் ஆவியை ஆயத்தப்படுத்துவது என்கிறீர்கள். எனக்குத் தெரிந்த ஆயத்தம் இப்படிக் கையில் தொடங்குவதுதான். ஜெபம் வேண்டாம் என்பதில்லை. போதகர் சொன்னது சரி, பாதி சொன்னார். அண்ணன் பெயரைச் சொல்லி ஜெபித்தால் ஒரு மாதத்துக்கு மேல் வழக்கைப் பழைய மாதிரியே நடத்துவது கடினம், முயன்று பாருங்கள்.

இனி, உயர்த்திய கை. அதை மறந்துவிடச் சொல்ல மாட்டேன், தேவனுக்குக் கொடுத்த வாக்கான பொருத்தனையோடு விளையாடக் கூடாது. ஆனால் நீங்கள் வட இந்தியாவைப் பார்த்திருக்கிறீர்களா? கடிதத்தில் பலியைப் பற்றி நிறைய இருக்கிறது, அங்கே இருக்கும் மனிதர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் நெய்யூர் ஆஸ்பத்திரி. அங்கே பணி செய்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல் 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போனவர். ஏற்றம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்த வழியில் நெய்யூருக்கு வந்தார். காத்துக்கிடந்த நோயாளிகளின் கூட்டத்தையும், அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் இருந்த ஒற்றை அறுவை மருத்துவரையும் பார்த்தார். லண்டனில் காத்திருந்த பதவியை விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். பலி செலுத்த இடம் தேடி வந்தவரில்லை அவர். வேலை கண்ணில் பட்டது, விட்டுப் போக முடியவில்லை. மலையை விட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். 1924-இல் திரும்பவும் எவரெஸ்ட் போய், ஆக்சிஜன் இல்லாமல் 28,000 அடி உயரம் வரை ஏறிவிட்டு நெய்யூருக்குத் திரும்பினார். பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் இங்கே கத்தி பிடித்தார். அவரிடம் எதை இழந்தீர்கள் என்று கேட்டிருந்தால் கேள்வி புரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஆகவே ராஜினாமாக் கடிதம் இப்போது வேண்டாம். சிலுவையைச் சுமக்கச் சொன்ன அதே மூச்சில், கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று லூக்கா 14-இல் இயேசு கேட்கிறார். நீங்கள் கணக்கு ஆசிரியர். வீட்டுக் கடன் எந்த மாதம் முடியும், பிள்ளைகளின் படிப்புக்கு எவ்வளவு, அம்மாவை யார் பார்ப்பது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அம்மாவைப் பற்றிய வரியை நிரப்ப அண்ணனோடு பேசாமல் முடியாது என்பதையும் அப்போது பார்ப்பீர்கள். மே மாத விடுமுறையில் ஊழியம் நடக்கும் ஓர் ஊருக்கு மனைவியோடு போய்ச் சில வாரம் தங்குங்கள். அங்கே இருக்கிறவர்களிடம் தண்ணீர், பள்ளிக்கூடம், காய்ச்சல், மொழி என்று எல்லாவற்றையும் மனைவியே கேட்கட்டும், நீங்கள் குறுக்கே பேசாதீர்கள்.

திரும்பி வந்த பிறகு மனைவி வரவில்லை என்று சொன்னால் அது உங்கள் அழைப்புக்கு வந்த தடை என்று சபையில் ஜெபக்குறிப்புக் கொடுத்துவிடாதீர்கள். அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் ஒரு குடும்பத்தின் மாதச் செலவில் ஒரு பங்கை, கடன் முடிகிற வரை சிறிதாகவும் பிறகு பெரிதாகவும், உங்கள் ட்யூஷன் வருமானத்திலிருந்து அனுப்பத் தொடங்குங்கள். தொகையை மனைவியே முடிவு செய்யட்டும்.

அன்புடன்.