ஒருவர் மேல் கைது, கிரிமினல் கேஸ் இருக்கிறதா என்று நாமே எப்படிப் பார்ப்பது?

கேள்வி கேட்டவர் சொன்ன விவரம் இது: தங்கைக்கு வரன் வந்திருக்கிறது. பையன் நம் தென் மாவட்டத்துக்காரர்தான். அவரைச் சில வருஷம் முன்பு போலீஸ் பிடித்துப் போனதாக ஊரில் ஒரு பேச்சு. ஸ்டேஷனில் போய் விசாரிக்கத் தயக்கமாக இருக்கிறது, நெட்டிலேயே பார்த்துவிட முடியுமா?

நான் வக்கீல் குமாஸ்தா. கோர்ட்டில் காப்பி அப்ளிகேஷன் போடுவதும் கட்டுக்களைத் தேடுவதும்தான் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பார்க்க முடியும். ஆனால் பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தேடினால் பெரும்பாலும் தப்பான ஆளிடம் போய் நிற்பீர்கள். "இன்னார் எத்தனை முறை கைதானார்" என்று பெயரைத் தட்டிப் பார்க்கும்படியான பதிவேடு எதுவும் நம் ஊரில் பொதுமக்களுக்குத் திறந்து வைக்கப்படவில்லை. இங்கே எல்லாம் குற்ற எண்ணை வைத்துத்தான் ஓடுகிறது. ஒரு காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) போட்டால் அதற்கு ஓர் எண் விழும். அதுதான் குற்ற எண், எஃப்.ஐ.ஆர். எண் என்பதும் அதையேதான். ஜனவரி பிறந்ததும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், அதனால் எண்ணோடு ஆண்டும் சேர்ந்தே வரும். காவல் நிலையம், குற்ற எண், ஆண்டு. இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிடலாம்.

அந்த எண்ணை எப்படிப் பிடிப்பது? சம்பவம் நடந்த ஊரும் ஏறக்குறைய எந்த மாதம் என்பதும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஜாமீன் கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்கோ மதுரைக் கிளைக்கோ போயிருந்தால், அந்த உத்தரவிலேயே காவல் நிலையத்தின் பெயரும் குற்ற எண்ணும் இருக்கும். உயர் நீதிமன்ற உத்தரவுகளை நெட்டில் தேடிப் படிக்கலாம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஊரிலிருக்கும் ஸ்டேஷனில் கேஸ் இல்லை என்பதால் கேஸே இல்லை என்று ஆகாது. அனைத்து மகளிர் காவல் நிலையம், மதுவிலக்கு அமலாக்கப் பிரிவு, மாவட்டக் குற்றப் பிரிவு, சைபர் கிரைம் எல்லாம் தனித்தனிக் குற்ற எண் போடுகிற இடங்கள். வரதட்சணைப் புகார் என்றால் மகளிர் காவல் நிலையத்தில்தான் முதலில் பார்க்க வேண்டும். கல்யாண விஷயத்துக்கு இது ரொம்ப முக்கியம்.

எண் கிடைத்துவிட்டதா, தமிழ்நாடு காவல்துறையின் இணைய சேவைத் தளத்தில் முதல் தகவல் அறிக்கையைப் பார்க்கும் வசதி இருக்கிறது. இது உச்ச நீதிமன்றத்தால் வந்தது. 2016 செப்டம்பரில் வந்த உத்தரவுப்படி எஃப்.ஐ.ஆர். போட்ட 24 மணி நேரத்துக்குள் அதை இணையத்தில் ஏற்ற வேண்டும். இணைய வசதி சரியில்லாத இடங்களில் 72 மணி நேரம் வரை போகலாம். பாலியல் குற்றம், போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றம்), தீவிரவாதம் மாதிரியான வழக்குகளுக்கு விலக்கு உண்டு. ஏற்ற வேண்டாம் என்று முடிவெடுப்பவர் டி.எஸ்.பி. பதவிக்குக் குறைந்தவராக இருக்கக் கூடாது. ஆகவே தளத்தில் காணவில்லை என்பதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இன்னொரு விஷயம், சி.எஸ்.ஆர். ரசீது என்பது எஃப்.ஐ.ஆர். இல்லை. புகார் மனு வந்தது என்பதற்கான ரசீதுதான் அது. இரு தரப்பையும் ஸ்டேஷனில் கூப்பிட்டுப் பேசி முடித்த சண்டைகள் பல இந்த ரசீதோடு நின்றுவிடும். ஊர் வாயில் மட்டும் அதுவும் "போலீஸ் கேஸ்" ஆகிவிடுகிறது. நீங்கள் கேள்விப்பட்ட பேச்சுக்கும் அடிப்படை இப்படி ஒரு ரசீதாக இருக்க வாய்ப்பு உண்டு.

அடுத்தது கோர்ட். இ-கோர்ட்ஸ் தளமும் அதே பெயரில் உள்ள செயலியும் இலவசம். மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் தேர்ந்தெடுத்தால், கட்சிக்காரர் பெயர், வழக்கு எண், எஃப்.ஐ.ஆர். எண், வக்கீல் பெயர் என்று பல வழியில் தேடலாம். எஃப்.ஐ.ஆர். எண் வழியாகத் தேடுங்கள், அதுதான் நேர் வழி. வழக்கு கோப்புக்கு எடுக்கப்பட்டிருந்தால் 16 இலக்க சி.என்.ஆர். எண் கிடைக்கும். நம் மாநிலத்து வழக்குகளுக்கு அது டி.என். என்ற இரண்டு ஆங்கில எழுத்தில் தொடங்கும். அதைக் குறித்து வைத்துக்கொண்டால் பிறகு எப்போது வேண்டுமானாலும் வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அடுத்த வாய்தா எப்போது என்று ஒரு நிமிஷத்தில் பார்த்துவிடலாம்.

பெயரை வைத்துத் தேடுவதில் என்ன ஆபத்து என்று காட்டுகிறேன். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். முத்துக்குமார் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் சேர்த்து ஒரு மாதிரி, பிரித்து ஒரு மாதிரி, நடுவில் ஒற்று போட்டு ஒரு மாதிரி என்று எழுதுகிறார்கள். எஃப்.ஐ.ஆரில் ஸ்டேஷன் ரைட்டர் எழுதியது ஒரு விதம், கோர்ட்டில் தட்டச்சு செய்தது இன்னொரு விதம். ஆதாரில் இருப்பது மூன்றாவது விதமாக இருக்கும். ஒரு தாலுகா கோர்ட்டில் ஒரு வருஷத்துக்கு மட்டும் தேடினாலே ஏழெட்டு முத்துக்குமார்கள் வந்து நிற்பார்கள். போலீஸ் போட்ட வழக்குகளில் மனுதாரர் இடத்தில் காவல் ஆய்வாளர் இருப்பார், எதிராளி இடத்தில்தான் குற்றம் சாட்டப்பட்டவர் பெயர் இருக்கும். நான்கு பேர் மேல் வழக்கு என்றால் மேலோட்டமாகப் பார்க்கும்போது முதல் ஆள் பெயர்தான் கண்ணில் படும், உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். தகப்பனார் பெயர், வயது, ஊர் மூன்றும் ஒத்துப் போகாமல் "இவர்தான் அவர்" என்று தயவுசெய்து யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தையில் சம்பந்தமே இல்லாத ஒரு பையனின் கல்யாணம் நின்றுபோகும். காசு வாங்கிக்கொண்டு பின்னணி விவரம் தருகிறோம் என்னும் ஏஜென்சி அறிக்கையும் பெயர்ப் பொருத்தத்தை மட்டும் வைத்துச் சொல்வதாக இருந்தால் நம்பாதீர்கள்.

வழக்கு கண்ணில் பட்டதும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். எப்படி முடிந்தது என்று கடைசி வரை பார்க்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். என்பது ஒருவர் சொன்ன குற்றச்சாட்டை எழுதிய காகிதம், அவ்வளவுதான். குற்ற எண் இருந்தும் இ-கோர்ட்ஸில் வழக்கு வரவில்லை என்றால், விசாரணை இன்னும் நடக்கிறது என்று இருக்கலாம். குற்றப்பத்திரிகை தாக்கலாகி, ஏதோ குறைக்காகத் திருப்பப்பட்டு எண் விழாமல் கிடக்கலாம். அல்லது புகாரில் உண்மை இல்லை என்று போலீஸே கேஸை முடித்து, கேஸை முடித்துவிட்டோம் என்று புகார்தாரருக்கு ஆர்.சி.எஸ். நோட்டீஸ் கொடுத்திருக்கலாம். "மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்" என்று ஸ்டேஷனில் சொல்வது இந்த முடிவைத்தான். சில எஃப்.ஐ.ஆர்.களை உயர் நீதிமன்றமே ரத்து செய்திருக்கும்.

வழக்கு எண் விழுந்திருந்தால் அந்த எண்ணின் முன்னெழுத்தே கொஞ்சம் சொல்லும். எஸ்.டி.சி. என்றால் சுருக்கமாக விசாரிக்கிற சிறு வழக்கு, பெரும்பாலும் அபராதத்தோடு போகும். சி.சி. என்றால் நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்திலேயே விசாரிக்கும் வழக்கு. பி.ஆர்.சி. என்று இருந்தால் அமர்வு (செஷன்ஸ்) நீதிமன்றம்தான் விசாரிக்க முடியும் என்கிற அளவுக்குக் கனமான குற்றச்சாட்டு. அது மேலே போனதும் எஸ்.சி., அதாவது செஷன்ஸ் கேஸ் எண்ணாக மாறிவிடும்.

தீர்ப்பு வந்துவிட்டதா, அதைப் படியுங்கள். தளத்தில் ஏற்றியிருந்தால் அங்கேயே பி.டி.எஃப். கிடைக்கும். விடுதலையிலும் வித்தியாசம் உண்டு. குற்றச்சாட்டே நிற்கவில்லை என்று விடுவிப்பது ஒன்று, சந்தேகத்தின் பலனை அளித்து விடுவிப்பது இன்னொன்று. சாட்சிகள் பிறழ்ந்து போனதால் விடுதலை ஆன வழக்குகளும் ஏராளம். போலீஸ் வேலைக்கு மனு போடுகிறவர்களை இந்த வித்தியாசம் எவ்வளவு அலைக்கழிக்கிறது என்பது கோர்ட் வாசலில் நிற்கிறவர்களுக்குத் தெரியும்.

குற்றப்பத்திரிகை நெட்டில் கிடைக்காது. அதையும் எஃப்.ஐ.ஆர். மாதிரி எல்லோரும் பார்க்கும்படி ஏற்ற வேண்டும் என்று கேட்ட மனுவை 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு அது உரிமை. எஃப்.ஐ.ஆர்., வாக்குமூலங்கள், குற்றப்பத்திரிகை எல்லாவற்றின் நகலும் அவர் ஆஜரான 14 நாளுக்குள் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்கிறது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 230ஆம் பிரிவு. வக்கீல் வைத்திருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் அந்த நகல் உண்டு. புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் அவருக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

வழக்குக்குச் சம்பந்தமில்லாத உங்களைப் போன்றவர்கள் சான்றிட்ட நகல் வேண்டும் என்றால் சும்மா அப்ளிகேஷன் கொடுத்தால் போதாது, எதற்காகக் கேட்கிறோம் என்று பிரமாணப் பத்திரத்தோடு மனு போட வேண்டும். நீதிபதி காரணத்தைப் பார்த்து அனுமதித்தால் உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிவிடலாம் என்று நிறையப் பேர் 10 ரூபாய் ஒட்டி அனுப்புகிறார்கள். கோர்ட்டுக்கென்று நகல் விதி இருக்கும்போது அந்த வழியில்தான் வர வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. விசாரணை நடக்கும் வழக்கு என்றால் விசாரணைக்கு இடையூறாகும் தகவலைத் தர வேண்டாம் என்கிற அதே சட்டத்தின் 8(1)(எச்) பிரிவைக் காட்டிப் போலீஸும் மறுக்க முடியும்.

ஆனால் உங்கள் விஷயத்தில் இவ்வளவும் தேவைப்படாது என்று நினைக்கிறேன். பெரியவர்கள் யாராவது ஒருவர் மூலம் பையனிடமே நேராகக் கேளுங்கள்: "தம்பி, இப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தது, கேஸ் ஏதாவது இருந்தால் நம்பரைச் சொல்லுங்க." நம்பர் வந்தால் நீங்களே பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். வழக்கு முடிந்திருந்தால் தீர்ப்பின் சான்றிட்ட நகல் அவர் கையிலேயே இருக்கக்கூடும், இல்லாவிட்டால் அவரே மனு போட்டு வாங்கித் தரலாம். நகலில் கோர்ட் முத்திரையும், மனு கொடுத்த தேதி, நகல் தயாரான தேதி, கொடுத்த தேதி என்ற குறிப்புகளும் இருக்கும். அவை இல்லாத ஜெராக்ஸை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வழக்கு இன்னும் நடக்கிறது என்றால் வாய்தா அன்று கோர்ட்டில் போய் உட்கார்ந்து பார்க்கலாம். விசாரணை திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கிறது, மூடிய அறையில் நடக்கும் பாலியல் வழக்குகள் போன்றவை தவிர. தேடும்போது பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரோ, 18 வயது ஆகாதவரின் பெயரோ தெரியவந்தால் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அதை வெளியிடுவதே தண்டனைக்குரிய குற்றம்.

கேள்வி "கைது" என்று ஆரம்பித்ததால், இன்றைக்கே வீட்டில் ஒருவரைப் பிடித்துப் போய்விட்டார்கள் என்று இதைப் படிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கைதானவர் எங்கே இருக்கிறார் என்று அவர் சொல்லும் உறவினருக்கோ நண்பருக்கோ போலீஸ் தெரிவித்தாக வேண்டும். பி.என்.எஸ்.எஸ். 37ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உதவி ஆய்வாளருக்கு ஒரு படி கீழே உள்ள ஏ.எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத ஓர் அதிகாரி இதற்கென்றே இருக்க வேண்டும், கைதானவர்களின் பெயர், முகவரி, என்ன குற்றம் என்பதை நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் எழுதிக் காட்ட வேண்டும். ஆகவே "கைதானவர் விவரப் பலகையில் பெயர் இருக்கிறதா?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். ஸ்டேஷனில் "இங்கே யாரும் இல்லையே" என்று சொன்னால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்து கேளுங்கள், எஸ்.பி. அலுவலகத்துக்குத் தந்தியைப் போலச் சுருக்கமாக நேரத்தோடு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவையுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு (ஹேபியஸ் கார்பஸ்) மனுதான். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம். காவலில் இருப்பவருக்கும், பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள்.