கடைசி செமஸ்டர் முடிந்த கையோடு: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இறுதியாண்டு மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் கேட்டவை. ஒரே சந்தேகம் பல ஊர்களிலிருந்து வந்திருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைத்திருக்கிறது. ஆண்டுக்கு 3.6 லட்சம். அப்படியென்றால் மாதம் 30,000 கைக்கு வரும்தானே? சென்னையில் தங்கிக்கொண்டு வீட்டுக்கும் பணம் அனுப்ப முடியுமா?
– பி.காம். மாணவி, திண்டுக்கல்

30,000 வராதும்மா. ஆஃபர் லெட்டரின் முதல் பக்க வாழ்த்தைத் தாண்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். சம்பளப் பிரிவுகள் ஓர் அட்டவணையாக இருக்கும். 3.6 லட்சம் என்பது சி.டி.சி., அதாவது உங்களுக்காகக் கம்பெனி செலவழிக்கும் மொத்தத் தொகை.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மாதம் 30,000. அதில் அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கு 12 சதவீதம், 1,800 ரூபாய். அது இந்த 30,000-க்குள்ளேயே அடக்கம். கிராஜுவிட்டிக்கு, அதாவது பணிக்கொடைக்கு, அடிப்படையில் 4.81 சதவீதம், 720 ரூபாய் சொச்சம். அதையும் உள்ளேதான் வைத்திருப்பார்கள், நிரந்தர ஊழியருக்கு அந்தப் பணம் கைக்கு வர 5 ஆண்டு பணி முடிய வேண்டும் என்றாலும். 'வேரியபிள் பே' 10 சதவீதம் என்றிருந்தால் இன்னொரு 3,000 போகும். ஆண்டு முடிவில் அது முழுதாக வரலாம், பாதி வரலாம், வராமலும் போகலாம். மிச்சம் 24,500-க்குக் கொஞ்சம் கீழே. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 1,800 பிடிப்பார்கள். தொழில் வரி அரையாண்டுக்கு அதிகபட்சம் 1,250. மாதத்துக்கு 200 ரூபாய் என்று வையுங்கள். ஆக, 22,500 வந்தால் சரி. மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடித்தால் இன்னும் சில நூறு குறையும். வருமான வரியைப் பற்றிக் கவலை வேண்டாம். 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை.

ஓ.எம்.ஆர். பக்கம் சாப்பாட்டோடு ஒரு பிஜிக்கு 8,000, பஸ், போன், மற்ற கைச்செலவுக்கு 4,000 என்று போட்டாலும் வீட்டுக்கு 5,000 அனுப்பிவிட்டுக் கொஞ்சம் சேர்க்கவும் முடியும். முதல் மாதம்தான் இடிக்கும். பிஜி அட்வான்ஸ் கையில் வேண்டும். மாதத்தின் பிற்பகுதியில் சேர்ந்தால் சம்பளம் அடுத்த மாதக் கணக்கில்தான் வரும் என்று சொல்லும் கம்பெனிகள் நிறைய. 25,000 ரூபாயாவது கையில் இல்லாமல் பஸ் ஏறாதீர்கள்.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார், பான் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் ஊர் இனிஷியல் ஒன்றில் பெயருக்கு முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும், மூன்றாவதில் அப்பா பெயராக விரிந்து நிற்கும். பி.எஃப். கணக்குக்குத் தரும் யு.ஏ.என். எண் வேலை மாறினாலும் மாறாது. அதில் உள்ள பெயர் ஆதாரோடு ஒத்துப்போகாவிட்டால் பின்னால் பணம் எடுக்கப் போகும்போது அலைச்சல். சேருவதற்கு முன்பே திருத்திவிடுங்கள்.

இரண்டு அரியர் இருக்கிறது. அதை மறைத்து இன்டர்வியூவுக்குப் போகலாமா?
– பி.இ. மாணவர், நாமக்கல்

வேண்டாம் தம்பி. வேலையில் சேர்ந்த பிறகும் சான்றிதழ் சரிபார்ப்பு நடக்கும், அப்போது தெரிந்தால் அன்றே வெளியே அனுப்புவார்கள். 'நவம்பர் தேர்வில் எழுதுகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போங்கள். அரியர் இருந்தால் எடுக்கவே மாட்டோம் என்ற கம்பெனிகளை இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். அரியரை முதலில் முடியுங்கள். புதிதாக கோர்ஸ் சேருவதெல்லாம் அப்புறம்.

பி.எஸ்சி. இயற்பியல் முடிக்கப் போகிறேன். அப்பா 'வேலைக்கெல்லாம் போகாதே, வீட்டிலிருந்து டி.என்.பி.எஸ்.சி.க்குப் படி' என்கிறார். எத்தனை ஆண்டு படிக்கலாம்?
– மாணவர், தென்காசி

இந்தக் கேள்வியைத் தெற்கு மாவட்டங்களிலிருந்துதான் அதிகம் கேட்கிறார்கள். அப்பா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எண்ணிக்கையை முதலில் பாருங்கள். 2025 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். இதில் பெரும்பாலோர் சும்மா எழுதிப் பார்ப்பவர்கள்தான். அவர்களைக் கழித்தாலும் உங்களைப் போலவே இரவு பகலாகப் படித்தவர்கள் இடங்களைப் போல் பல மடங்கு இருப்பார்கள்.

குரூப் 4 ஒரே தாள்: 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். அதில் 100 கேள்வி தமிழ். அந்தப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். பள்ளித் தமிழ்ப் புத்தகத்தை நெட்டுருப் போடாமல் யாரும் இதில் மேலே வந்ததாக நான் பார்க்கவில்லை. இயற்பியல் படித்த உங்களுக்குக் கணக்குப் பகுதி சிரமமிருக்காது. தமிழில்தான் உட்கார வேண்டும்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீட்டைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பணிக்குக் கேட்கும் கல்வித் தகுதி வரை முழுவதும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். நீங்கள் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழி, கல்லூரி ஆங்கிலவழி என்றால் குரூப் 4-க்கு இது கிடைக்கும், பட்டம் கேட்கும் குரூப் 2-க்குக் கிடைக்காது. படித்த பள்ளி ஒவ்வொன்றிலும் தலைமையாசிரியரிடம் சான்று வாங்க வேண்டும். கோடை விடுமுறையில் போய் நின்றால் பூட்டுதான் இருக்கும்.

எத்தனை ஆண்டு என்று கேட்டீர்கள். முழுநேரமாக ஓராண்டு, அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி. அதற்குப் பிறகும் படியுங்கள், ஆனால் ஏதாவது ஒரு வேலையில் இருந்துகொண்டு. மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு என்று வீட்டில் இருந்தவர்களுக்குத் தனியார் கம்பெனியில் 'இத்தனை நாள் என்ன செய்தீர்கள்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்வது தேர்வை விடக் கஷ்டமாகிவிடுகிறது.

அந்த ஓராண்டில் மாலை ஒரு மணி நேரம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போங்கள். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் முடித்தவர்களுக்குத் தட்டச்சர் பணியில் முன்னுரிமை. அங்கே கட் ஆஃப் இளநிலை உதவியாளரை விடக் கணிசமாகக் குறைவு. கம்ப்யூட்டர் காலத்தில் எதற்கு அந்தப் பழைய மெஷின் என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

டி.என்.பி.எஸ்.சி.யை மட்டும் நம்பாமல் எஸ்.எஸ்.சி., ரயில்வே, வங்கித் தேர்வுகளும் எழுதுங்கள். பாடத்திட்டத்தில் கணக்கும் ரீசனிங்கும் பொதுவானவை. ஒரே ஓர் எச்சரிக்கை: உங்களிடம் உள்ள பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மத்திய அரசு வேலைக்குச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். அதில் வருமான விவரமும் பார்ப்பார்கள். உங்கள் சமூகம் மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே போனாலும் அனுபவம் கேட்கிறார்கள். வேலை கொடுக்காமல் அனுபவம் எப்படி வரும்?
– பி.சி.ஏ. பட்டதாரி, கடலூர்

கடலூரில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! நெய்வேலி என்.எல்.சி., திருச்சி பெல், அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் எல்லாம் பட்டதாரிகளைத் தொழில் பழகுநர்களாக எடுக்கின்றன. இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு மட்டும்தான் என்று பலரும் நினைத்து விட்டுவிடுகிறார்கள். பி.காம்., பி.சி.ஏ. படித்தவர்களுக்கும் இடம் உண்டு. தொழில் பழகுநர் பயிற்சிக்கான மத்திய அரசின் நாட்ஸ் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். தென்மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. பயிற்சி ஓராண்டு. பட்டதாரிகளுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 என்று 2019-இல் நிர்ணயித்தார்கள். பயிற்சி முடிந்தால் அங்கேயே வேலை என்ற உத்தரவாதம் கிடையாது. ஆனால் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும், அடுத்த இன்டர்வியூவில் பேச விஷயம் இருக்கும்.

கம்பெனியில் ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுக்கச் சொல்கிறார்கள். 2 ஆண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்று பாண்டும் கேட்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?
– பட்டதாரி, கோவை

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். ஒரிஜினலைக் காட்டலாம், கொடுக்கக் கூடாது. கல்விச் சான்றிதழ் ஒன்றும் அடகு வைக்கும் சந்தைப் பொருள் அல்ல என்று, சான்றிதழ்களைப் பிடித்து வைத்த கல்லூரிகள் தொடர்பான வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தந்தால் சரி. 'லாக்கரில் பத்திரமாக இருக்கும்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள், எந்தெந்தச் சான்றிதழ் என்று எண்களோடு லெட்டர்ஹெட்டில் ரசீதாவது வாங்கி வையுங்கள்.

பாண்ட் வேறு விஷயம். 'அதெல்லாம் கோர்ட்டில் நிற்காது' என்று நண்பர்கள் சொல்வதை நம்பாதீர்கள். 3 ஆண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதற்காக எழுதிய தொகை அப்படியே கிடைத்துவிடும் என்றும் இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு நியாயமான இழப்பீடு என்றுதான் பேசுகிறது. உங்களுக்கு உண்மையிலேயே சில மாதம் பயிற்சி தந்து செலவு செய்திருந்தால் கம்பெனியின் வாதத்துக்கு வலு உண்டு. முதல் நாளே வேலையில் உட்கார வைத்தால் குறைவு. கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியது ஒன்று: அவர்களே உங்களை நிறுத்தினால் பாண்ட் என்ன ஆகும்? இதற்கான பதில் வாய்ப்பேச்சாக இல்லாமல் தாளில் இருக்க வேண்டும்.

மகனின் கல்விக் கடன் 4 லட்சம். இப்போது வங்கியில் 5 லட்சத்துக்கு மேல் சொல்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?
– தாய், விருதுநகர்

ஏமாற்று இல்லை அம்மா. படிப்புக் காலத்துக்கும் அதற்குப் பிறகு ஓராண்டுக்கும் தவணை கேட்பதில்லையே தவிர, வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு ஒரு லட்சமாக நான்கு ஆண்டு வாங்கி, வட்டி 10 சதவீதம் என்றால் முதல் லட்சத்துக்கு 5 ஆண்டு வட்டி, அடுத்ததற்கு 4, பிறகு 3, 2. மொத்தம் 1.4 லட்சம். அசலோடு சேர்ந்து 5.4 லட்சம். இதை 10 ஆண்டில் கட்டினால் மாதம் சுமார் 7,100 ரூபாய், 15 ஆண்டில் சுமார் 5,800.

கடன் வாங்கும்போது குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்திருந்தால், மத்திய அரசின் வட்டி மானியத்துக்கு விண்ணப்பித்தார்களா என்று மேலாளரிடம் கேளுங்கள். மகனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லையென்றால் தவணை தொடங்கும் முன்பே கால நீட்டிப்புக் கேட்டு எழுதிக் கொடுங்கள். 90 நாள் கட்டாமல் விட்டால் வாராக் கடன் ஆகிவிடும், அவருடைய சிபில் மதிப்பெண்ணும் கெடும். வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7-க்குப் பின்னும் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மீறினால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை.

தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் 80,000, டூரிஸ்ட் விசாவில் வந்தால் போதும் என்கிறார் ஏஜென்ட்.
– பட்டதாரி, திருவாரூர்

போகாதீர்கள். பாங்காக்கில் இறக்கி, அங்கிருந்து எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்கோ லாவோஸுக்கோ கொண்டுபோய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு ஆன்லைன் மோசடி வேலையில் உட்கார வைக்கிறார்கள். 2022 முதலே வெளியுறவுத் துறை எச்சரிக்கிறது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் சிக்கி மீட்கப்பட்டிருக்கிறார்கள். டூரிஸ்ட் விசாவில் வேலை என்ற ஒன்றே கிடையாது. வேறு எந்த ஏஜென்ட் வந்தாலும் வெளிநாட்டு வேலைக்கான மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்றவர்கூட 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தவிரக் கூடுதலாக வாங்கக் கூடாது.

கல்லூரியை விட்டு வரும்போது என்னென்ன வாங்கிக்கொள்ள வேண்டும்?
– பல ஊர்களிலிருந்து

டி.சி., நடத்தைச் சான்றிதழ், எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், புரொவிஷனல். கான்வொகேஷன் பட்டம் பிறகுதான் வரும், அதுவரை புரொவிஷனல் போதும். டி.சி. வாங்கியதும் லேமினேட் செய்யாதீர்கள். வெளிநாட்டுக்காகச் சான்றொப்பம் வாங்கப் போனால் பின்பக்கம் முத்திரை குத்த இடம் வேண்டும். மதிப்பெண் பட்டியலுக்கும் அதேதான். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து உங்கள் மெயிலுக்கே ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். கல்லூரி தந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள், அதை எப்போது மூடுவார்கள் என்று சொல்ல முடியாது.