ஏழு வீட்டோடு திரும்பிவிடாதீர்கள்

கேள்வி: அண்ணே, ஜூலையில் மகளைப் பார்க்க சான் பிரான்சிஸ்கோ போகிறோம். ஆலமோ ஸ்குவேர் என்ற மேட்டுப் பூங்காவுக்கு எதிரே வரிசையாக நிற்கும் பழைய வண்ண வீடுகளைப் பார்க்க ஆசை. உள்ளே விடுவார்களா? எப்போது போனால் நல்லது?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: உள்ளே விடமாட்டார்கள் அம்மா. ஆட்கள் குடியிருக்கும் வீடுகள் அவை. வாசற்படியில் ஏறி உட்கார்ந்து படம் எடுக்காதீர்கள். அந்தத் தொல்லை என்னவென்று நம்ம பினாங்கு ஆர்மீனியன் ஸ்ட்ரீட்காரர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

எல்லாம் மேற்குப் பார்த்த வாசல். (வாஸ்து பார்ப்பவர்கள் முகம் சுளிக்கட்டும்.) காலையில் போனால் முகப்பு நிழலில் கிடக்கும். பிற்பகல் வெயில் இறங்கும்போது போய்ப் புல்மேட்டில் உட்காருங்கள்.

படங்களில் வருவது ஸ்டைனர் தெருவின் ஏழு வீடுகள். 1890களில் மேத்யூ கவனா என்ற கட்டடக்காரர் கட்டியவை. மூலை வீட்டில் அவரே குடியிருந்தார். செதுக்கு வேலை உட்பட எல்லாம் மரம். அதனால்தான் இவை இன்னும் நிற்பது எனக்கு ஆச்சரியம். 1906 ஏப்ரல் 18 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஊரைத் தின்றது நெருப்புதான். பூங்காவின் தெற்கு ஓரமாகப் போகிறதே ஹேய்ஸ் தெரு, அதில் சில தெருக்கள் கிழக்கே ஒரு வீட்டில், புகைபோக்கி உடைந்திருப்பது தெரியாமல் காலைச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். அந்தத் தீ கிழக்கே சிட்டி ஹால் பக்கம் பாய்ந்தது. மேற்கே திரும்பியிருந்தால் நீங்கள் பார்க்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. 'ஹாம் அண்ட் எக்ஸ்' (பன்றியிறைச்சியும் முட்டையும்) தீ என்றே அதற்குப் பெயர்.

என் கட்சி வேறு. அந்த ஏழையும் கிளிக் செய்துவிட்டு அப்படியே திரும்பிப் பாருங்கள். ஃபுல்டன், ஸ்காட் தெருக்கள் சந்திக்கும் மூலையில் கோபுரம் வைத்த வீடு ஒன்று நிற்கும். வெஸ்டர்ஃபெல்ட் என்ற மிட்டாய் வியாபாரிக்காக 1889இல் கட்டியது. மிட்டாய் விற்றே இப்படியொரு வீடு! எனக்கு அந்த ஏழையும்விட இதுதான் உசத்தி. நேரமிருந்தால் பூங்காவைச் சுற்றி நான்கு பக்கமும் நடங்கள். ஏற்ற இறக்கம் உண்டு, நல்ல செருப்பு வேண்டும்.

ஜூலை என்கிறீர்கள். கோடைதானே என்று பருத்திப் புடவையோடு போய்விடாதீர்கள். கடலிலிருந்து மூடுபனியும் குளிர்காற்றும் வரும், ஸ்வெட்டர் கட்டாயம். அப்புறம், கைப்பையைக் காரில் விட்டுவிட்டு இறங்கவே கூடாது. கண்ணாடியை உடைத்து எடுத்துப்போவது அந்த ஊரில் சகஜம்.