"கடைசியா எப்ப குடிச்சனீங்கள்?" என்று கேளுங்கள்

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில் தாதியாக வேலை செய்கிறேன். மோட்டார் சைக்கிளால் விழுந்து கால் முறிந்த ஒருவர் எங்கள் வாட்டில் இருந்தார். இரண்டு நாள் ஒரு பிரச்சினையும் இல்லை. மூன்றாம் இரவு கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, சுவரில் பூச்சி ஊருது என்று கத்தி, முறிந்த காலோடு இறங்கி ஓடப் பார்த்தார். மனைவி காத்துக் கறுப்பு என்று அழுதார், பக்கத்துக் கட்டில்காரர் வெறிக்குட்டி என்று ஏசினார், நாங்கள் கட்டிப்போட்டோம். வேறு என்ன செய்திருக்கலாம்?
- பெயர் வேண்டாம்

பதில்: தங்கச்சி, அது வெறி இறங்கியதால் வந்தது. வருடக்கணக்காகத் தினமும் குடித்தவரின் மூளை மதுசாரத்தோடு வாழப் பழகிவிடும். அது திடீரென்று நின்றால் ஆறு, எட்டு மணித்தியாலத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் 48 மணித்தியாலத்துக்குள் வரும். நீங்கள் பார்த்த பூச்சியும் பிதற்றலும் இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில்தான் அதிகம். இதில் ஆள் இறந்தும் போகலாம், கால் முறிந்து வந்த ஒருவர் அப்படிப் போகக்கூடாது.

ஆகவே வாட்டில் சேர்க்கும்போதே, வயதும் ஒவ்வாமையும் கேட்கிற அதே குரலில் கேளுங்கள்: "அண்ணை, கடைசியா எப்ப குடிச்சனீங்கள்? ஒரு நாளைக்கு எவ்வளவு?" பிள்ளைகளை வைத்துக்கொண்டு "குடிக்கிறனீங்களோ?" என்று கேட்டால் "சும்மா இடைக்கிடை" என்றுதான் மறுமொழி வரும். அளவைப் போத்தல் கணக்கில் கேளுங்கள். கால் போத்தல் சாராயம், அதாவது 180 மில்லிலீற்றர், 33 சதவீதம் என்று வைத்தாலும் ஏறக்குறைய 47 கிராம் மதுசாரம். குடியின் அளவை அறிய உலக சுகாதார நிறுவனம் தந்த 'ஆடிட்' கேள்விக்கொத்தில் ஒரு அலகு 10 கிராம். "ஒரு கால்தான் மிஸி" என்பவர் கிட்டத்தட்ட ஐந்து அலகு எடுக்கிறார். கசிப்பு என்றால் காய்ச்சியவருக்கே அளவு தெரியாது. கள்ளையும் சேர்த்துக் கேளுங்கள், அதைக் குடி என்று கணக்கெடுக்காதவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர்.

காலையில் குடித்தால்தான் கை நிற்கும் என்பவரையும், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவரையும் பற்றி உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள். அவர் டயசிபாம் போன்ற மருந்தைத் தொடங்கிப் படிப்படியாகக் குறைப்பார். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின், அதுதான் விற்றமின் பி1, ஊசியாகப் போகவேண்டும், இல்லாவிட்டால் மூளை நிரந்தரமாகப் பழுதாகலாம். இரவில் லைட் எரியட்டும், மனைவி பக்கத்தில் இருக்கட்டும், கட்டிப்போடுவது எல்லாம் தவறிய பிறகு. இப்படிப்பட்டவரிடம் கிளினிக்கில் வைத்து "நாளையிலிருந்து ஒரு சொட்டும் தொடாதை" என்று மட்டும் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

அப்புறம், அவர் தெளிந்த நாளில் பத்து நிமிடம் பக்கத்தில் இருந்து, குடி உங்களுக்கு என்ன தருகிறது என்று கேளுங்கள். புத்தி சொல்லவேண்டாம், அதை அவர் ஊர் முழுக்கக் கேட்டிருப்பார். வன்னியில் எனக்குத் திரும்பத் திரும்பக் கிடைத்த பதில், படுத்தால் நித்திரை வருகுதில்லை என்பதுதான். 2009இல் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் கண்டதெல்லாம் கண்ணை மூடினால் வருகிறது, கால் போத்தல் போட்டால் வருவதில்லை. அந்த நித்திரைக்கு வழி பார்க்காமல் போத்தலை மட்டும் பறித்தால் எத்தனை நாளைக்கு நிற்கும்? அவரை உளநல கிளினிக்குக்கு அனுப்புங்கள், முடிந்தால் முதல் தடவை நீங்களே கூட்டிப்போய் விடுங்கள். குடியை ஏன் விடவேண்டும் என்பதற்குக் காரணமும் அவர் வாயிலிருந்தே வரட்டும். மகளின் சாமத்தியவீட்டில் தெளிவாக நிற்கவேணும் என்று அவரே சொன்னால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐஸ், ஹெரோயின் எடுக்கிற பொடியன்களுக்கும் இதே முறைதானா?
- வவுனியா வாசகர்

பதில்: பேசும் முறை ஒன்றுதான், உடம்பில் நடப்பது வேறு. ஹெரோயினை விடும்போது வரும் வாதை கொடுமையானது, ஆனாலும் பெரும்பாலும் உயிரை எடுக்காது. சில மாதம் விட்டிருந்துவிட்டுப் பழைய அளவையே திரும்ப எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம், அதைத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தெளிவாகச் சொல்லுங்கள். ஐஸை விட்டவர் நாள்கணக்கில் தூங்குவார், மனம் அடியோடு சோர்ந்துவிடும். சாகவேணும் போல இருக்கா என்று நேரடியாகவே கேளுங்கள்.

கேள்வி: மாங்குளம் பக்கம் குடும்பநல உத்தியோகத்தராக இருக்கிறேன். கணவனுக்குத் தெரியாமல் கறியில் கலக்கக் குளிசை எடுத்துத் தரச்சொல்லி ஒரு அக்கா கெஞ்சுகிறா. கொடுக்கலாமா?

பதில்: கூடாது. அக்கா கேட்பது டைசல்பிராம் என்கிற குடி நிறுத்தும் குளிசையாக இருக்கும். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, பிரஷர் விழும், இதய வருத்தக்காரர் செத்தும் போகலாம். ஆள் சம்மதித்து, கடைசியாகக் குடித்து 12 மணித்தியாலமாவது ஆனபிறகு, வைத்தியர்தான் தொடங்கவேண்டும். நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும்.

ஆனால் அந்த அக்காவை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். தனியாக இருத்தி, அடி விழுகிறதா, வீட்டில் சமைக்கக் காசு இருக்கிறதா என்று கேளுங்கள். தேசிய அபாயகர ஔடதக் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கு அவவே எடுத்துக் கதைக்கலாம். கணவன் வந்தாலும் வராவிட்டாலும் அவவுக்கென்று ஒரு கிளினிக் திகதி போட்டுக் கொடுங்கள்.